பிளெட்டா, போஹினா? ஸ்லோவேனியாவின் இரு ஏரிகள்

இருபதாயிரம் சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பரப்பும் இருபது லட்சத்தைச் சற்றே தாண்டும் மக்கள்தொகையும் கொண்ட ஸ்லோவேனியாவுக்கு நம்மவர்கள் ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாள்கள்தான். ஷெங்கன் விசாவில் வியன்னாவுக்கோ வெனிஸுக்கோ வருபவர்கள் வழியில் அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு நாள் தலைநகர் லியூப்லியானாவுக்குப் போய்விட்டால், மிச்சமிருக்கும் நாள்களில் எந்த ஏரிக்கரையில் தங்குவது என்ற கேள்வி வரும். ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே சுமார் 26 கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன பிளெட், போஹின் என்ற இரு ஏரிகள். இரண்டையும் பார்க்கலாம் என்பதில் தகராறு இல்லை. இரவு எங்கே தங்குவது என்பதில்தான் பயணத்தின் குணமே மாறிவிடுகிறது.

ஸ்லோவேனியா என்றதும் மனத்தில் எழும் படம் பிளெட் ஏரியுடையது. நீரின் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு சிறு தீவு, அதில் மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம், கரையோரம் ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்துக்கு எழும் பாறை, அதன் உச்சியில் 1011ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் காணப்படும் கோட்டை, எல்லாவற்றுக்கும் பின்னால் பனிமுடி தரித்த மலைகள். இந்த அழகு முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்குவதுதான் பிளெட்டின் தனிச்சிறப்பு. ஏரியைச் சுற்றிச் செல்லும் 6 கிலோமீட்டர் பாதை ஏறக்குறைய சமதளமானது. முழங்கால் வலியுள்ள என் தாயார் இரண்டு இடங்களில் மட்டும் உட்கார்ந்து இளைப்பாறி, அதை ஒரு முன்பகலில் நடந்து முடித்தார். முதியோரை அழைத்துச் செல்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பிளெட்டில் தங்கலாம்.

தீவுக்குப் போக 'பிளெத்னா' என்ற தட்டையான அடிப்பகுதி கொண்ட மரப்படகுகள் இருக்கின்றன. இவ்வேரியில் மோட்டார் படகுகளுக்கு அனுமதியில்லை என்பதால், படகோட்டி பின்புறம் நின்றபடியே இரு துடுப்புகளையும் தன் உடல் எடையால் முன்னே தள்ளுகிறார். நாங்கள் ஏறியபோது அவர் யாரையும் விரும்பிய இடத்தில் உட்கார விடவில்லை. ஒவ்வொருவரையும் கண்ணாலேயே எடைபோட்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கைகாட்டி உட்கார வைத்து, படகு சாயாமல் நின்றதை உறுதிசெய்துகொண்ட பின்னரே துறையை விட்டு நகர்ந்தார். தீவில் இறங்கியதும் 99 படிகள். மணமகன் மணமகளைச் சுமந்துகொண்டு இவற்றில் ஏற வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். மேலே கோயிலில் தொங்கும் 1534ஆம் ஆண்டு மணியின் கயிற்றை இழுத்து அடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்புகிறார்கள். அதற்கான வரிசை சில நாள்களில் கோயில் வாசலையும் தாண்டிவிடுகிறது.

இரண்டு ஏரிகளுக்கும் உள்ள வேறுபாடு நீரிலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். பிளெட் ஏரிக்குள் பெரிய ஆறு எதுவும் பாய்வதில்லை. சுற்றிலும் ஓட்டல்கள் பெருகி நீரில் பாசி படரத் தொடங்கியபோது, 1960களில் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ரதோவ்னா ஆற்றிலிருந்து குழாய் வழியே புதுநீரைக் கொண்டுவந்தார்கள். பின்னர் 1980களில் அடியாழத்து நீரை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாட்டையும் செய்தார்கள். மனிதர்கள் அக்கறையோடு பேணிவருவதால்தான் அது இன்று தெளிந்திருக்கிறது. போஹின் ஏரியின் கதை வேறு. மேற்கே மலைச்சுவரின் நடுவிலிருந்து பீறிட்டு விழும் சாவித்சா அருவியின் நீர் ஆறாக ஓடிவந்து ஏரியில் கலக்கிறது. கிழக்கு முனையில், ரிப்ச்செவ் லாஸ் ஊரின் கல்பாலத்துக்கு அடியில், அந்நீர் மீண்டும் ஆறாக வெளியேறுகிறது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தால், நீருக்குள் மீன்கள் எதிரோட்டத்தில் அசையாமல் நிற்பதும், அவற்றின் நிழல்கள் அடித்தளக் கூழாங்கற்களின் மேல் விழுந்திருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. அன்று நாங்கள் அருவிக்குப் போவதாக இருந்தோம். அந்தப் பாலத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டோம்.

போஹின் ஏரி நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. பிளெட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அது த்ரிக்லாவ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருப்பதால் கரையோரத்தில் கட்டடங்கள் மிகக் குறைவு. வடகரையில் காடு நீர்விளிம்பு வரை இறங்கி நிற்கிறது. சுற்றி நடக்க 12 கிலோமீட்டர் ஆகும், வடபுறப் பாதையில் வேர்களும் கற்களும் உண்டு. சாவித்சா அருவியைக் காண ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். 78 மீட்டர் விழும் அந்த நீரின் முன் நிற்கும்போது படிகளின் களைப்பு நினைவில் இருக்காது. படியேற இயலாதவர்களுக்கு ஏரியின் மேற்கு முனையிலிருந்து புறப்படும் கேபிள் கார் இருக்கிறது. அது சில நிமிடங்களில் 1,535 மீட்டர் உயரத்திலுள்ள வோகெல் மலைத்தளத்துக்குக் கொண்டு சேர்த்துவிடும். அங்கிருந்து வடக்கே தெரிவது 2,864 மீட்டர் உயரமுள்ள த்ரிக்லாவ் சிகரம். நாட்டின் கொடியில் இருப்பதும், ஸ்லோவேனியா வெளியிடும் 50 சென்ட் நாணயத்தில் பொறித்திருப்பதும் அதுவே. சில்லறையாகக் கிடைத்த நாணயம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மலையோடு ஒப்பிட்டுப் பார்த்த அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1778இல் அச்சிகரத்தில் முதன்முதலாக ஏறிய நால்வரும் போஹின் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்களுடைய சிலை ரிப்ச்செவ் லாஸில் நிற்கிறது.

வானிலையில் போஹின் பின்தங்குகிறது. மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்து மேகங்களைத் தடுத்து நிறுத்துவதால் அங்கே மழை மிக அதிகம். மேகம் இறங்கிவிட்டால் கேபிள் காரில் ஏறுவது வீண் செலவு. பிளெட்டில் மழை நாளைக் கழிக்க வழிகள் உண்டு: கோட்டைக்குள் அருங்காட்சியகமும் பழைய முறை அச்சுக்கூடமும் இருக்கின்றன, கரையில் உட்கார்ந்து சாப்பிட நல்ல கடைகள் இருக்கின்றன. 1953 முதல் அவ்வூரின் அடையாளமாகிவிட்ட 'கிரெம்ஷ்னிதா' என்ற சதுரக் கேக்கை முள்கரண்டியால் தொட்டாலே உள்ளிருக்கும் கஸ்டர்டு குலுங்கும். அதில் முட்டை உண்டு என்பதைச் சைவ உணவினர் அறிந்துகொள்வது நல்லது. இரு ஊர்களிலும் சைவர்களுக்குக் கைகொடுப்பது, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய 'ஷ்த்ருக்ளி'. அதிலும் முட்டை சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டு வாங்குவது உத்தமம்.

போக்குவரத்திலும் பிளெட் எளிது. லியூப்லியானாவிலிருந்து பேருந்தில் ஒன்றே கால் மணி நேரத்தில் ஏரிக்கரையிலேயே இறங்கலாம். அதே பேருந்துத் தடத்தில் போஹினுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். 1906இல் திறக்கப்பட்ட போஹின் ரயில்பாதையில் வருவது அழகான பயணம்தான்; எனினும் அந்த நிலையம் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது, அங்கிருந்து மீண்டும் பேருந்து பிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு பகல் மட்டும் கையிலிருப்பவர்கள் தயங்காமல் பிளெட்டுக்குப் போகலாம். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கும் அதுவே ஏற்றது. இரண்டு இரவுகள் இருந்து, நடக்கக் கால்களும் இருந்தால், போஹினில் தங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. பகல்நேரச் சுற்றுலாப் பேருந்துகள் பிளெட்டில் ஆள்களை இறக்குவதும் மாலையில் அள்ளிச் செல்வதுமாக இருக்கின்றன. ஆதலால் போஹினிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் பிளெட் வந்து, கூட்டம் சேருமுன் முதல் படகில் தீவுக்குப் போய்விட்டு, நண்பகலுக்குள் திரும்பிவிடலாம். மாலையில் ரிப்ச்செவ் லாஸ் திரும்பும் பேருந்துகள் குறைவு. இறங்கியவுடனேயே நிறுத்தத்திலுள்ள கால அட்டவணையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.