பாம்பு முட்டைக்கென்று சொல்லி விற்கப்படும் கோழி இன்குபேட்டர்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கும்பகோணத்தை அடுத்த எங்கள் வீட்டில் இரண்டு பால் பைத்தான்களை (ball python, அதாவது பந்து மலைப்பாம்பு) வளர்த்து வருகிறேன். ஆப்பிரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிகளைச் சேர்ந்த, நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு இது. இரண்டையும் 2024-ஆம் ஆண்டிலேயே, இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களைப் பதிவு செய்யும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறைப்படி பதிவு செய்திருக்கிறேன். கடந்த சித்திரையில் பெண் பாம்பு முதன்முறையாக ஏழு முட்டைகள் இட்டது. அவற்றுள் ஒன்று மஞ்சளித்துச் சிறுத்த கூமுட்டை. மற்ற ஆறும் வெள்ளை வெளேரென்று, தோல் போன்ற ஓட்டுடன் நல்ல நிலையில் இருந்தன.

தாய்ப்பாம்பே முட்டைகளைச் சுற்றி வளைத்து அடைகாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மாதமும் அது இரை எடுக்காது. முதல் ஈற்றிலேயே மிகவும் மெலிந்துவிட்ட பாம்பை அப்படி விட மனம் வராததால், முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் முன்பே பிரித்தெடுத்து, இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கத் தீர்மானித்தேன்.

நாட்டுக்கோழி, வாத்து, காடை வளர்ப்போர் மிகுந்த நம் டெல்டாவில் இன்குபேட்டர் செய்து விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவர், பாம்பு முட்டைக்கென்றே தனியாகச் செய்தது என்றும், கோடையில் உள்ளே வெப்பம் ஏறினால் தானாகவே குளிரூட்டும் வசதி உண்டு என்றும் சொல்லி, 13,500 ரூபாய்க்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். இரசீது கேட்டபோது அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொன்னார். அந்த இரசீது இன்றுவரை வரவில்லை.

கோழி முட்டைக்கும் மலைப்பாம்பு முட்டைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். கோழி முட்டைக்கு ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். முதல் பதினெட்டு நாள்கள் அதை ஒரு நாளைக்குப் பலமுறை திருப்பிவிட வேண்டும். 21 நாள்களில் குஞ்சு வெளிவரும். பால் பைத்தான் முட்டைக்கு வேண்டியது 31 முதல் 32 டிகிரியும், 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும், ஏறக்குறைய 55 முதல் 60 நாள்களும். அதைத் திருப்பவே கூடாது. இட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டின் மேற்புறத்தில் பற்றிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டை புரண்டால் கரு அடியில் போய் மடிந்துவிட வாய்ப்புண்டு. அதனால்தான் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி ஒன்று போட்டு வைப்பார்கள். நானும் போட்டிருந்தேன்.

பெட்டியின் திரையில் பத்து நாளும் 31.5 என்றே தெரிந்தது. அதை நம்பி, தனியாக ஒரு வெப்பமானி வைத்துப் பார்க்காமல் இருந்தது என் தவறு. பதினோராம் நாள் இரவு கோடை மழையில் மின்சாரம் போய், நள்ளிரவுக்குப் பின் திரும்பி வந்தது. காலையில் நான் கதவைத் திறந்தபோது திரையில் 37.8 என்று எழுதியிருந்தது. உள்ளே தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, முட்டைகள் இருந்த பெட்டி மூலைக்குச் சரிந்து, மேல்நோக்கி இருக்க வேண்டிய ஆறு பென்சில் குறிகளில் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு ‘கிர்’ரென்ற ஓசையோடு மறுபக்கம் சாயத் தொடங்கியது.

முட்டைகளை வெளியே எடுத்துவிட்டுத் தட்டின் அடியில் இருந்த பலகையைக் கழற்றினேன். அங்கே கோழி முட்டையைப் புரட்டும் மோட்டார் இணைப்போடு அப்படியே இருந்தது. பாம்புப் படம் போட்ட ஸ்டிக்கரை உரித்தால் அதன் கீழே கோழியும் குஞ்சும் அச்சிட்ட பழைய ஸ்டிக்கர். மின்சாரம் போய் வந்ததும் கட்டுப்பாட்டுக் கருவி கோழிக்கான அமைப்புக்கே திரும்பியிருக்கிறது. குளிரூட்டும் வசதி என்று அவர் சொன்னது கணினியில் போடும் சிறிய மின்விசிறிதான்; அக்கினி நட்சத்திரத்தில் அறையே 36 டிகிரியில் இருக்கும்போது, விசிறியால் உள்ளே 32-ஐக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. வெப்ப உணரியோ முட்டைக்கு அருகில் இல்லாமல் பெட்டியின் காற்றுத் துளையை ஒட்டித் தொங்கியது. கட்டுப்பாட்டுக் கருவியை 31.5-க்கு மீண்டும் அமைத்து, கண்ணாடி வெப்பமானியைத் தட்டின் நடுவில் வைத்துப் பார்த்தேன். அறை குளிர்ந்திருந்த அந்தக் காலை வேளையிலும் அது 35 காட்டியது.

அன்றே நாகப்பட்டினத்திலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, வெப்பக் கம்பியும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தனித் தெர்மோஸ்டாட்டும் பொருத்தி, எடைக்கு எடை தண்ணீர் கலந்த வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) முட்டைகளைப் பாதி புதைத்து வைத்தேன். வீட்டின் நடுக்கூடத்தில், ஓட்டுக்கூரையின் கீழ்க் குளிர்ச்சியான மூலையில் அதை வைத்து, நண்பகலில் உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி வெளியே அணைத்து வைப்போம். என் அம்மாவுக்குப் பாம்பென்றால் ஆகாது; ஆனாலும் நான் வேலைக்குப் போகும் நாள்களில் பாட்டிலை மாற்றியது அவர்தான். முதல் வாரத்தில் டார்ச் வெளிச்சத்தில் செந்நிற நூல்போல் படர்ந்து தெரிந்த இரத்தக் குழாய்கள், அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு முட்டைகளில் மங்கி மறைந்தன. அவை மஞ்சளித்து, பச்சைப் பூஞ்சணம் பூத்து, நாற்றமெடுத்தன. ஐந்தாவது முட்டையில் முழுதாக வளர்ந்த குட்டி, முதுகெலும்பு கோணலாக வளைந்து இறந்து கிடந்தது. ஆறாவது மட்டும் 58-ஆம் நாள் ஓட்டைக் கீறி மூக்கை வெளியே நீட்டி, ஒன்றரை நாள் அப்படியே இருந்து மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பிறப்பையும் தளத்தில் தெரிவித்துவிட்டேன்.

விற்றவரை அழைத்தபோது, “தம்பி, முட்டையில உசுரே இல்ல, பொட்டியக் கொறை சொல்லாதீங்க” என்றார். இரத்தக் குழாய் தெரியும் படங்களை அனுப்பியதும் மின்வெட்டின் மேல் பழி போட்டார். பணத்தைக் கேட்டதும் அவர் சொன்னதுதான் என்னை மிகவும் அதிரவைத்தது: “ஆத்தங்கரையில கெடைக்கிற மலைப்பாம்பு முட்டை நாலு தாரேன், கணக்கத் தீத்துக்குவோம்.” இந்திய மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் பட்டியலில் இருக்கிறது, அந்தச் சட்டத்தில் விலங்கு என்ற சொல் ஊர்வனவற்றின் முட்டையையும் உள்ளடக்கும். யார் அப்படிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். நானும் சொல்லிவிட்டேன், அதன் பிறகு அவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

பாம்பு முட்டைக்கென்று யாரேனும் பெட்டி விற்க வந்தால், தட்டின் அடிப்பலகையை உங்கள் முன்னாலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரசீது இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் போட்டுத் திரை எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். வெறும் பெட்டியை ஒரு வாரம் ஓட்டி, முட்டை வைக்கப் போகும் இடத்தில் வேறொரு வெப்பமானியை வைத்துச் சோதியுங்கள். பெண் பாம்பு முட்டையிடும் முன் உரிக்கும் சட்டைக்கும் முட்டைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் இருக்கிறது; இதற்கு அது போதும்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இரசீது இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய விவரமும், அவர் அனுப்பிய குரல் பதிவுகளும் என்னிடம் இருக்கின்றன. பாதி உரித்த ஸ்டிக்கரோடு அந்தப் பெட்டியையும் சான்றுக்காக அப்படியே வைத்திருக்கிறேன்.