கார்ட்ரிட்ஜை விட்டுப் பழைய பிளேடுக்கு வந்து 9 ஆண்டுகள்

பிளேடுகள் பதித்த தலையை (கார்ட்ரிட்ஜ்) கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் ரேசரைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கூரான மெல்லிய பிளேடு போடும் பழைய வகை ரேசருக்கு நான் மாறி 9 ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் 5 நாள் சவரம் செய்கிறேன். கணக்குப் பார்த்தால் 2,300 தடவைக்கு மேல் ஆகிறது. ஒரு பொருளை ஒரு மாதம் பயன்படுத்தினால் அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்கு ஏன் இந்த விலை என்பது, திரும்பத் திரும்பப் போய் வாங்கிய பிறகுதான் பிடிபடுகிறது. அதனால் இதில் சவரத்தைப் பற்றி எவ்வளவு சொல்லப் போகிறேனோ, அதே அளவு விலையைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் 8 ஆண்டுகள் ஒரே கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். பிடியும் இரண்டு கார்ட்ரிட்ஜும் சேர்ந்த பெட்டி, தனியாக விற்கும் கார்ட்ரிட்ஜ் பாக்கெட்டை விடக் குறைந்த விலையில் கிடைத்தது. நல்ல பேரம் என்று நினைத்து வாங்கினேன். சவரமும் நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அப்புறம் கார்ட்ரிட்ஜ் விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு கட்டத்தில் விலை ஏறவில்லை, பாக்கெட்டில் 5 இருந்தது 4 ஆனது. ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினேன். பிடி வீட்டில் இருக்கிறதே, வேறென்ன செய்வது?

விலை ஏறினாலும் அவ்வளவாகத் தேவை குறையாத பொருள்கள் உண்டு என்று பொருளாதாரப் பாடத்தில் சொல்வார்கள். என் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. நான் சவரம் செய்வதைக் குறைக்கவில்லை. ஆனால் ஒரு கார்ட்ரிட்ஜை ஓட்டும் நாட்களைக் கூட்டிக்கொண்டே போனேன். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்றியவன், கடைசியில் ஐந்து வாரம் வரை இழுத்தேன். மேலே இருக்கும் வழவழப்புப் பட்டை கரைந்து வெறும் வெள்ளை பிளாஸ்டிக் தெரியும். அதற்கு மேலும் இழுப்பேன். கழுத்தில் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாகத் தடித்துப்போகும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தேன். விலை ஏற்றத்தின் ஒரு பங்கைப் பர்ஸும் மீதியை என் கழுத்தும் கொடுத்துக்கொண்டிருந்தன என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

மாற வைத்தது அதுவும் இல்லை. அந்தப் பிடிக்கான கார்ட்ரிட்ஜ் வருவது நின்றுபோனது. புதிய மாடல் வந்திருந்தது. கடையில் பழைய பிடியையும் புதிய கார்ட்ரிட்ஜையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாட்டும் இடத்தில் இருந்த சின்னக் கொக்கியின் வடிவம் மட்டும் வேறு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பிடிக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் அது இனிமேல் குப்பை. நான் 8 ஆண்டுகளாகக் காசு கொடுத்தது எஃகுக்கு மட்டும் இல்லை, அந்தக் கொக்கிக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது தெரிந்தது. வேறு யாரும் செய்ய முடியாதபடி காப்புரிமையால் பூட்டிய இணைப்பு அது. போட்டியாளர் உள்ளே வர முடியாத இடத்தில் விலைக்குத் தடுப்பு கிடையாது.

அன்றைக்கே பழைய வகை ரேசர் ஒன்றை வாங்கினேன். கூடவே பிளேடும். ஒரு கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்த காசில் 15 பிளேடுக்கு மேல் வந்தது. 0.1 மில்லிமீட்டர் தடிமனில் எஃகுத் தகடு, நடுவில் நீளமான ஒரு துளை. அவ்வளவுதான் பொருள். எந்த நிறுவனத்தின் பிளேடும் எந்த நிறுவனத்தின் ரேசரிலும் உட்காரும்.

இதன் பின்கதையைத் தேடிப் படித்தபோது நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. பிடியைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதிப்பது கிங் கேம்ப் ஜில்லெட் கண்டுபிடித்த தந்திரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் இந்த வகை ரேசருக்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1904-இல். அந்தக் காப்புரிமை உயிரோடு இருந்த காலம் முழுக்க ரேசரின் விலை 5 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. 1921-இல் காப்புரிமை முடிந்து, யார் வேண்டுமானாலும் அதே வடிவில் செய்யலாம் என்று ஆனபோதுதான் பழைய மாடலின் விலை 1 டாலருக்கு இறங்கியது. மேம்படுத்திய புதிய மாடல் மட்டும் 5 டாலரிலேயே நின்றது. பிறகு ஆட்டோஸ்ட்ராப் என்ற போட்டி நிறுவனம் ஜில்லெட் ரேசரில் பொருந்தும்படி பிளேடு செய்து விற்றது. துளையின் வடிவம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை வழக்கு வரைக்கும் போய், 1930-இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. காலையில் நான் கையில் எடுக்கும் பிளேடின் நடுத்துளைக்கு இப்படி ஒரு சரித்திரம். காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகி, துளை இன்று பொதுச்சொத்து ஆகிவிட்டது. பிளேடு மலிவாக இருப்பதற்கு முதல் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம்.

முதல் மூன்று வாரம் கஷ்டம். கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகிய கை இதிலும் அழுத்தும். மோவாய்க்குக் கீழே இரண்டு மூன்று வெட்டு. ரேசரின் எடையே போதும், கை அதை வழிநடத்தினால் மட்டும் போதும் என்பது பழகுவதற்கு ஒரு மாதம் ஆனது. இரண்டாம் மாதத்தில் கழுத்துச் சிவப்பு போய்விட்டது. பிளேடு உயர்ந்த ரகம் என்பதால் இல்லை. விலை குறைவு என்பதால் 5 சவரத்துக்கு ஒன்று என்று தயங்காமல் மாற்றினேன், அவ்வளவுதான். எப்போதும் புதிய முனை. மலிவான பொருளைச் சரியான நேரத்தில் மாற்றுவது, விலை கூடிய பொருளை மனசு வராமல் இழுத்தடிப்பதை விட முகத்துக்கு நல்லது.

முனை ஏன் மழுங்குகிறது என்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. முடி எஃகை விட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அது எப்படி எஃகைத் தேய்க்கும்? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியின் கீழ் சவரம் செய்தே பார்த்து வெளியிட்டார்கள். முனை தேய்வதை விட, பொடிப்பொடியாகச் சிதறுவதுதான் அதிகம். முடி குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து, எஃகின் உள்ளமைப்பில் பலவீனமான இடத்தில் பட்டால் அங்கே துளி பெயர்ந்துவிடும். 5 சவரம் முடித்த பிளேடை விளக்குக்கு எதிரே சாய்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நேர்கோடாக இருக்க வேண்டிய வெளிச்சம் இரண்டு மூன்று இடத்தில் விட்டுவிட்டுத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஆறாவது சவரத்துக்கு நான் போவதில்லை.

எந்த பிளேடு நல்லது என்று கேட்பவர்களுக்கு: முதல் ஆண்டில் 11 வகை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 பிளேடு. என் முகத்துக்கு ஒத்துப்போனது விலை வரிசையில் கீழிருந்து மூன்றாவது. அதிக விலை கொடுத்து வாங்கியது முதல் இழுப்பிலேயே எரிந்தது. ஆனால் அதே பிளேடை என் தம்பி வெண்ணெய் மாதிரிப் போகிறது என்கிறான். முடியின் தடிமனும் தோலும் ஆளுக்கு ஆள் மாறும்போது, விலை தரத்தின் அளவுகோலாக இருக்க முடியாது. இப்படிப் பதினொன்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததே பெரிய விஷயம். கார்ட்ரிட்ஜ் காலத்தில் எனக்கு அந்த வாய்ப்பே இல்லை. வாங்கு அல்லது விடு, இரண்டுதான்.

இரண்டாம் ஆண்டு முடிவில் ரேசர் கைதவறித் தரையில் விழுந்து, மேல்மூடியைத் தாங்கும் திருகு ஒடிந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்தது, ஒட்டவும் முடியாது. கையில் 70 பிளேடு இருந்தது. வேறொரு நிறுவனத்தின் பித்தளை ரேசர் வாங்கி, அதே பிளேடைப் போட்டு மறுநாள் காலை சவரம் செய்தேன். ஒன்றுகூட வீணாகவில்லை. கொக்கி வடிவம் மாறியதால் ஒரு பிடியைத் தூக்கிப்போட்டவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொன்னால் புரியும். அந்தப் பித்தளை ரேசர்தான் இன்றைக்கும். பளபளப்புப் பூச்சு கைபடும் இடத்தில் போய் மஞ்சள் தெரிகிறது. மரை தேயவில்லை. யாராவது இதற்கு மாறுவதாக இருந்தால் பித்தளையோ எஃகோ வாங்குங்கள், வார்ப்புக் கலவையில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. விமானத்தில் கைப்பையில் பிளேடைக் கொண்டுபோக முடியாது; பயணங்களில் நான் கார்ட்ரிட்ஜ்தான் எடுத்துப் போகிறேன். பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடக் கூடாது, அள்ளுகிறவர் கையை வெட்டும். மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், அடுத்தவருக்குச் சவரம் செய்துவிட வேண்டியவர்களுக்கும் கார்ட்ரிட்ஜே பாதுகாப்பு. தலை மழிக்கிறவர்களுக்கும் அதுதான் சுலபம்.

கார்ட்ரிட்ஜ் பக்கமும் நிலைமை அப்படியே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1971-இல் இரண்டு பிளேடு, 1998-இல் மூன்று, 2003-இல் போட்டியாளரிடமிருந்து நான்கு, 2006-இல் ஐந்து என்று எண்ணிக்கை ஏறியபோது போட்டி பிளேடு எண்ணிக்கையில் நடந்தது, விலையில் இல்லை. பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று விலையில் அடித்துக்கொள்ள விரும்பவில்லை. அந்த இடைவெளியில்தான் டாலர் ஷேவ் கிளப் மாதிரியான நிறுவனங்கள் அமெரிக்காவில் நுழைந்தன. கடை அலமாரி இல்லை, நேரே வீட்டுக்கு. அதே மாதிரி வந்த இன்னொரு நிறுவனமான ஹாரிஸ் 2014-இல் ஜெர்மனியில் ஒரு பிளேடு ஆலையையே வாங்கியது. டாலர் ஷேவ் கிளப்பை 2016-இல் யூனிலீவர் வாங்கிக்கொண்டது. 2017-இல் ஜில்லெட் அமெரிக்காவில் கார்ட்ரிட்ஜ் விலையைக் குறைத்தது. எஃகின் விலை இறங்கியதால் வந்த குறைப்பு இல்லை அது. ஹாரிஸை ஷிக் பிளேடுகளைச் செய்யும் எட்ஜ்வெல் நிறுவனம் வாங்க முயன்றபோது, 2020-இல் அமெரிக்கப் போட்டி ஆணையம் வழக்குப் போட்டது. வாங்கும் திட்டம் கைவிடப்பட்டது. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. விலையைக் குறைக்க வைத்தவனையே விலைக்கு வாங்கிவிட்டால் அப்புறம் யார் குறைப்பார்கள்?

இதே கதை 1960-களிலும் நடந்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு பிளேடைச் சந்தையில் பரவலாக்கியது சின்ன நிறுவனமான வில்கின்சன் சோர்ட். கார்பன் எஃகு பிளேடை விட அது பல சவரம் கூடுதலாக உழைத்தது. கார்பன் பிளேடில் கொழுத்த வியாபாரம் வைத்திருந்த ஜில்லெட்டுக்கு, நீண்ட நாள் உழைக்கும் பிளேடை விற்பதில் அவசரம் இல்லை. போட்டியாளர் ஆட்களை இழுக்கத் தொடங்கிய பிறகு 1963-இல் அதுவும் துருப்பிடிக்காத எஃகு பிளேடில் இறங்கியது. என் முகத்தில் இன்று ஓடும் பிளேடு துருப்பிடிக்காத எஃகு என்பதற்கு அந்தச் சின்ன நிறுவனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த 9 ஆண்டில் பிளேடு விலையும் ஏறியிருக்கிறது. நான் வாங்கும் வகை ஒருமுறை சட்டென்று ஏறியது. அதே மாதம் பக்கத்து வரிசையில் இருந்த, ஏற்கெனவே சோதித்து வைத்திருந்த வேறொன்றுக்கு மாறினேன். எட்டு மாதம் கழித்து பழையது இறங்கி வந்தது, திரும்பினேன். இப்போது கடைசியாக வாங்கிய 100 பிளேடு பெட்டியில் 60-க்கு மேல் மிச்சம் இருக்கிறது. இன்னும் ஓராண்டுக்குக் கடைப் பக்கம் போக வேண்டியதில்லை. தகர டப்பா மட்டும் நிறையப் போகிறது. கீறல் வழியாக அடுத்த பிளேடைப் போடும்போது உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கிறது.