மேடைக்குக் கண்டாங்கியா, காஞ்சிப் பட்டா?

அழகிப் போட்டிக்குப் பெயர் கொடுத்த கையோடு எல்லாரும் ஹீல்ஸ் போட்டு நடந்து பழக ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்வி-பதில் சுற்றுக்கென்று பொது அறிவுப் புத்தகம் வாங்குகிறவர்களும் உண்டு. பாரம்பரிய உடைச் சுற்று மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிப்போகும். "அதான் பீரோவில் பட்டு இருக்கே" என்ற தைரியம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெண்களுக்கு இதில் இன்னொரு வழி உள்ளூரிலேயே இருக்கிறது: கண்டாங்கி என்ற கைத்தறிப் பருத்திச் சேலை. நான் திருமதிகள் பிரிவில் கண்டாங்கி கட்டி மேடையேறினேன். இரண்டாம் இடம் கிடைத்தது. பட்டத்தோடு வந்த ஓராண்டுப் பொறுப்பையும் பெரும்பாலும் கண்டாங்கியிலேயே ஓட்டினேன். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வாடகை லெஹங்கா, கவுன் கதையை முதலில் முடித்துவிடலாம். மேற்கத்திய உடைச் சுற்றுக்குக் கவுன் வேண்டும், வேறு வழியில்லை. பாரம்பரியச் சுற்றுக்கும் லெஹங்கா வாடகைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போய் அளவு பார்த்து, முன்பணம் கட்டி, நிகழ்ச்சி முடிந்ததும் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீழ் ஓரம் அழுக்கானால் முன்பணத்தில் பிடிப்பார்கள். கவுனுக்காகக் கடன் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1994இல் சுஷ்மிதா சென் மிஸ் இந்தியா பட்டம் வென்றபோது போட்டிருந்த கவுனுக்கு டெல்லி சரோஜினி நகர் சந்தையில்தான் துணி எடுத்தார்கள், தைத்தவர் உள்ளூர்த் தையல்காரர். கையுறையோ காலுறையை வெட்டித் தைத்தது. சுஷ்மிதாவே பேட்டியில் சொன்னது இது. அதே ஆண்டு மிஸ் யூனிவர்ஸ் மகுடமும் அவருக்கு வந்தது.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

காஞ்சிப் பட்டுக்கு மேடையில் இருக்கிற பலத்தை மறுப்பதற்கில்லை. விளக்கு விழுந்த மாத்திரத்தில் ஜரிகை தன் வேலையைத் தொடங்கிவிடும். கரைக்கென்று ஊடை நூலைத் தனி நாடாவில் ஓட்டி உடலோடு கோர்க்கும் கோர்வைச் சேலை என்றால், இரண்டு நிறமும் கடைசி வரிசைக்காரருக்கும் பளிச்சென்று பிரிந்து தெரியும். நின்ற நிலையில் போஸ் கொடுக்கும்போது பட்டுக்கு நிகர் பட்டுதான். விலையில் ஆளைக் கொன்றாலும், அசல் ஜரிகை என்றால் பழசானதும் வெள்ளிக்காக எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கண்டாங்கிக்கு அந்த மறுவிலை கிடையாது. கட்டிக் கிழித்து, தலையணை உறை தைத்து, கடைசியில் தரை துடைக்கத்தான்.

நடக்கத் தொடங்கியதும்தான் பட்டின் பாடு தெரியும். நல்ல கனமான கல்யாணப் பட்டு, அதன் மேல் பட்டப் பெயர் எழுதித் தோளில் குறுக்கே போடும் சாட்டின் சாஷ், இரண்டுமே வழுக்கும் ரகம். தோளில் பின் குத்தி முந்தானையை நிறுத்தினால் சாஷ் சரியும், சாஷை நிறுத்தினால் கொசுவம் பிரியும். இப்போது முன்கூட்டியே மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவர்கள் காரைக்குடியிலேயே வந்துவிட்டார்கள். சுற்றுக்குச் சுற்று உடை மாற்ற அவசரப்படும்போது அது பெரிய உதவி. என்றாலும், மேடைக்குப் பின்னால் வாயில் சேஃப்டி பின்னைக் கவ்விக்கொண்டு நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டுக்காரர்கள்தான்.

கண்டாங்கி பருத்தி. கட்டமோ கோடோ போட்ட உடல், பட்டையான கரை, அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு என்று ஒளிவு மறைவில்லாத நிறங்கள். செட்டிநாட்டு ஆச்சிமார் வீட்டில் அன்றாடம் கட்டியது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு சென்னைக் கடைகளிலும் மவுசு கூடியிருக்கிறது. பருத்தி தோளைப் பிடித்துக்கொள்ளும், சாஷும் அதன் மேல் நகராமல் உட்காரும். இதெல்லாம் சின்ன விஷயம். மேடையில் கண்டாங்கியின் துருப்புச் சீட்டு பின்கொசுவம்.

முன்னால் கொசுவம் வைக்காமல், மடிப்பை முதுகுப்பக்கம் வைத்து, விசிறியாக விரித்துச் செருகும் பழைய கட்டு அது. எங்கள் அப்பத்தா அப்படித்தான் கட்டுவார். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போனதால் தெருவில் இருக்கும் வயதான ஆச்சி ஒருவரிடம் போய் நின்றேன். உள்பாவாடையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "இது எதுக்கு ஆத்தா? முடிச்ச இறுக்கிப் போட்டா ஆடுனாலும் அவுறாது" என்றார். மேடைக்காக நான் உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டேன், ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. கட்டு கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும். அதனால் ஹீல்ஸ் சேலையின் கீழ்க் கரையில் சிக்காது, கால் காப்பும் மெட்டியும் தெரியும்.

கேட்வாக்கில் பாதி தூரம் நடுவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் நடக்கிறோம். மேடை முனைக்குப் போய் நின்று, திரும்பி, வந்த வழியே போகும்போது சாதாரணக் கட்டில் பின்னால் பார்க்க முந்தானையைத் தவிர ஒன்றுமில்லை. பின்கொசுவத்தில் திரும்பிய பிறகுதான் விருந்தே. கரை மடிந்து மடிந்து விரிந்து, அடிக்கு அடி அசையும். பயிற்சி கொடுத்த பெண் முதலில் "இது ரொம்பக் கிராமத்துக் கட்டா இருக்கே மேடம்" என்று இழுத்தவர், ஒத்திகையில் நான் திரும்பி நடந்ததைப் பார்த்த பிறகு திருப்பத்தில் ஒரு நொடி கூட நிற்கச் சொன்னார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கமான சின்னக் கட்டம் வீடியோ கேமராவில் அலையலையாக மின்னும். நேரில் அழகாக இருக்கும் சேலை திரையில் கண்ணைக் கூசவைக்கும். அகலக் கட்டமோ, உடல் வெறுமையாக இருந்து கரை மட்டும் பெரிதாக உள்ளதோ எடுத்தால் தப்பிக்கலாம். பருத்தி வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளுமே தவிரத் திருப்பித் தராது என்பதால் வெளிர் நிறங்கள் மேடையில் சோகையாகத் தெரியும். கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் போட்டோ எடுக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையே ஒரு கோலம். அதன் மேல் கட்டம் போட்ட சேலையும் சேர்ந்தால் படத்தில் முகம் தேட வேண்டியிருக்கும். அங்கே பட்டுதான் ஜெயிக்கும், அல்லது வெறும் சுவர் ஓரமாக நின்று எடுக்க வேண்டும். போட்டிக்குப் படம் அனுப்பும் அவசரத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இவ்வளவும் ஒரு நாள் கூத்து. நான் கண்டாங்கியைத் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது.

பட்டம் வாங்கினால் மகுடத்தோடு படம் எடுத்து முகநூலில் போடுவதோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை. 1972இலிருந்து உலக அழகிப் போட்டி 'பியூட்டி வித் எ பர்ப்பஸ்' என்று சமூகப் பணியையும் சேர்த்துக்கொண்டது. அந்த வழக்கம் இறங்கி இறங்கி இன்று மாவட்ட அளவுப் போட்டி வரை வந்துவிட்டது. சாஷோடு வா என்றால் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அது என்னவென்றால்: அரசுப் பள்ளி ஆண்டுவிழா, ரத்த தான முகாம், மாதவிடாய் சுகாதாரம் பற்றிப் பெண் பிள்ளைகளிடம் பேசுவது, மகளிர் குழுக் கூட்டம், மரக்கன்று நடுவது, கண்மாயில் சீமைக் கருவேலம் வெட்டும் இடத்துக்குப் போய் நிற்பது, நடுவில் ஸ்பான்சர் செய்தவருக்காக இரண்டு கடைத் திறப்பு. பாதிக்கு மேல் வெட்டவெளியில், பகலில். சித்திரை வெயிலில் சிவகங்கைச் சீமை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பட்டு கட்டிப் போனால் என்ன ஆகும்? முதல் முகாமுக்கு நான் போனது பட்டில்தான். விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். வியர்வை அக்குளில் தொடங்கி முந்தானை மடிப்பு வரை இறங்கியது. வீட்டில் அலச முடியாது, டிரை வாஷுக்குத்தான் கொடுக்க வேண்டும். கடைக்காரர் சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தூசி போயிரும் ஆச்சி. வேர்வைக் கறைக்கு நான் பொறுப்பு இல்ல" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். சேலை வந்தது, கறையின் விளிம்பும் கூடவே வந்தது. ஜரிகை மேல் தெரியாமல் அடித்த ஹேர் ஸ்பிரே பட்ட இடம் கறுத்துப்போயிருந்தது. பட்டைக் கட்டியபின் நிழலில் காற்றாடப் போட வேண்டும், மடிப்பில் இற்றுப்போகாமல் அவ்வப்போது மாற்றி மடிக்க வேண்டும், பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். கல்யாணம் காட்சிக்கு இந்தச் சேவகம் சரி. வாரம் தவறாமல் நிகழ்ச்சி என்றால் சலவைக் கூலியே பட்டத்தின் பரிசுப் பணத்தைத் தின்றுவிடும்.

கண்டாங்கிக்கு நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். புதுச் சேலையை முதலில் கல்லுப்பு கலந்த தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசினேன். அரக்கும் கறுப்பும் முதல் இரண்டு அலசலில் கொஞ்சம் சாயம் விடும், பயப்பட வேண்டாம். தறியிலிருந்து வந்த விறைப்பும் இதில் போய்விடும். அலசாமல் அப்படியே மேடைக்குக் கட்டினால் இடுப்பைச் சுற்றிப் பலகை மாதிரி நிற்கும். பிறகு வடித்த கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, வடிகட்டி, முக்கி எடுத்து, உதறி நிழலில் உலர்த்த வேண்டும். வடிகட்டாவிட்டால் ஒரு பருக்கை கறுப்புக் கரையில் ஒட்டிக்கொண்டு போட்டோவில் வெள்ளைப் புள்ளியாக வரும். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மடிப்பு மாலை வரை நிற்கும். கண்மாயில் கருவேல முள் மாட்டி ஒரு சேலையில் ஓட்டை விழுந்தது. அதே நிற நூலில் இழை ஓட்டிவிட்டேன். கட்டத்துக்குள் அது எங்கே என்று எனக்கே தேட வேண்டும். பட்டில் அப்படி ஒரு முள் மாட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

பராமரிப்பு என்று நான் சொல்வது காசு மட்டுமில்லை. விலை உயர்ந்த சேலை கட்டிய பெண் பாதிக் கவனத்தைச் சேலைக்குக் கொடுத்துவிடுவாள். சத்துணவு சாப்பிட்ட கையோடு ஒரு பிள்ளை ஓடிவந்து மடியைப் பிடித்தால் நம்மை அறியாமல் ஓரடி பின்வாங்குவோம். அந்தப் பிள்ளைக்கு அது தெரியும். கண்டாங்கியில் அந்தப் பயம் இல்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் பாயில் சம்மணமிட்டு உட்காரலாம். உட்கார்ந்த உடனே பக்கத்தில் இருப்பவர் கரையைத் தொட்டுப் பார்த்து, "நம்ம கண்டாங்கியில்ல? எம்புட்டு?" என்று கேட்பார். அதற்கப்புறம் பேச்சைத் தொடங்க நான் சிரமப்பட்டதே இல்லை. பட்டு கட்டிப் போன அன்று நாற்காலி கொண்டுவந்து போட்டு, என்னைத் தள்ளி உட்காரவைத்தார்கள்.

2025இல் ஹைதராபாத்தில் உலக அழகிப் போட்டி நடந்தபோது போட்டியாளர்களைத் தெலங்கானாவின் நெசவு ஊரான போச்சம்பள்ளிக்கு அழைத்துப்போய்த் தறி காட்டினார்கள். நம் ஊரில் நெசவாளர் வீடு ஒரு ஆட்டோ தூரம். பட்டம் வென்ற பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டே போய்ப் பேசினால், சமூகப் பணி என்று தனியாக ஒரு தலைப்பு தேட வேண்டியதில்லை.

என் அனுபவம் மாவட்ட மேடையோடு சரி. தொலைக்காட்சியில் வரும் பெரிய மேடைக்கு, அத்தனை விளக்குக்கும் எல்இடி சுவருக்கும் நடுவில் கண்டாங்கி நின்று காட்டுமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அங்கே போகிறவர் கையில் ஒரு பட்டுச் சேலையையும் வைத்துக்கொள்வது நல்லது. 2018இல் மிஸ் இந்தியா ஆன அனுகீர்த்தி வாஸ் திருச்சிப் பெண். நம் பக்கத்திலிருந்து அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதால் சொல்கிறேன். உடல்வாகு பெரிதாக உள்ளவர்களுக்கு ஐந்தரை மீட்டரில் பின்கொசுவத்துக்குத் துணி இழுபறியாக இருக்கும். ஒத்திகையிலேயே கட்டிப் பார்த்துவிட வேண்டும், போதாவிட்டால் சாதாரணக் கட்டுக்கு மாறுங்கள்.

வாங்கும்போது ஒன்றிரண்டு. கண்டாங்கி என்ற பெயரில் விசைத்தறித் துணியும் விற்கிறது. சேலை ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். கைத்தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் குச்சியின் ஊசி குத்திய சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். கூட்டுறவுச் சங்கக் கடையில் எடுத்தால் கைத்தறி முத்திரையும் இருக்கும். இரண்டு சேலையாக எடுங்கள், ஒன்று துவைக்கும் நாளில் மற்றொன்று. பணம் கொடுக்கும் முன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் கரையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். ஒட்டுமொத்தமாகச் சாயம் இறங்கினால் அந்தச் சேலை வேண்டாம். மேடையில் உங்களுக்குப் போடப்போகும் சாஷ் அநேகமாக வெள்ளையாகத்தான் இருக்கும்.