பவுடர் கோட்டிங்கா, டூ-கே பெயிண்ட்டா? சஸ்பென்ஷன் பாகங்களுக்கு எது சரி

பழைய பிக்கப் டிரக்கை மொத்தமாகக் கழற்றிப் புதிதாகக் கட்டும்போது, கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை), ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் நுனியைச் சட்டத்தில் மாட்டும் இணைப்பு), ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் துரு நீங்கித் தரையில் வரிசையாகக் கிடக்கும் ஒரு நாள் வரும். முதல் தடவை நான் யோசிக்கவே இல்லை. அத்தனையையும் பவுடர் கோட்டிங்குக்கு, அதாவது மின்னூட்டிய பிளாஸ்டிக் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் படலமாக்கும் பூச்சுக்கு, அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தபோது வண்டியில் மாட்டவே மனசு வரவில்லை, அவ்வளவு பளபளப்பு.

300 கிலோமீட்டர் ஓடியதும் பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். குனிந்து பார்த்தால், ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் பிளேட்டில் ஒவ்வொரு வாஷரைச் சுற்றியும் மெல்லிய கறுப்பு வளையம் பிதுங்கி நின்றது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சை வைத்தேன். நட் கால் சுற்று போனது. நட் தானாகக் கழலவில்லை, அடியில் இருந்த படலம்தான் நசுங்கிவிட்டது. பவுடர் படலம் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் வரை கனம் இருக்கும். என்னதான் கெட்டியாகத் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக்தான். அழுத்தத்தில் மெல்ல ஒதுங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் உட்காரும் ஆக்ஸில் பேட், பிளேட்டின் இரண்டு முகம் என்று நாலைந்து படலம் சேர்ந்தால் போல்ட்டின் பிடி போய்விடும். கோட்டிங் போட்டவரைக் குறை சொல்ல முடியாது. எந்த முகத்தை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பவில்லை.

டூ-கே பெயிண்ட், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமரும் மேல்பூச்சும், இந்த விஷயத்தில் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். தடியாக அடித்தால் அதுவும் இதே வேலையைக் காட்டும். ஆனால் டேப் ஒட்டுவது நம் கையில் இருக்கிறது. இறுக்கிப் பிடிக்கும் முகங்களில் மெல்லிதாக ஒரே ஒரு பிரைமர், மற்ற இடமெல்லாம் முழுப்பூச்சு என்று இடம் பார்த்து அடிக்கலாம்.

கல்லடியைத் தாங்குவதில் பவுடர்தான் மேல். பிரச்சினை, அது ஓரிடத்தில் உடைந்த பிறகு. தண்ணீர் படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும். மேலே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே துரு பரவி, ஒருநாள் தோல் மாதிரி உரிந்து வரும். வண்டியில் மாட்டிய பாகத்தை மறுபடி அடுப்பில் வைக்கவா முடியும்? பெயிண்ட் சீக்கிரம் சிராய்க்கும், ஆனால் உப்புத்தாள், துணி, பிரஷ் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டுப்போட்டுவிடலாம். இன்னொன்று: உள்மூலைகளுக்குள் பவுடர் சரியாகப் போகாது, மின்புலம் அதை விளிம்புக்கே இழுத்துவிடும். வெல்டிங் மூலைகள் நிறைய உள்ள ஆர்ம்களில் இது பெரிய குறை.

பெயிண்ட்டுக்கு எதிராக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டூ-கே மேல்பூச்சின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண தூசி மாஸ்க் அதற்குப் போதவே போதாது. வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் வீட்டில் அடிக்காதீர்கள். அப்போது பவுடரே நல்லது.

ஜிங்க் முலாம் பற்றியும் கேட்பார்கள். சின்ன பிராக்கெட்டுக்குச் சரி. ஸ்பிரிங்குக்கும் 10.9 தர (அதிக வலுவுள்ள) போல்ட்டுக்கும் வேலை தெரியாத பட்டறையில் போடவே கூடாது. அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து, பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் முறித்துவிடும்.

அப்புறம் புஷ், அதாவது மூட்டுத் துளைகளுக்குள் அதிர்வைத் தாங்க இறக்கும் உருளை. பவுடர் அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை போகும், அதனால் ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் முன்பே வெளியே வந்தாக வேண்டும். எப்படியும் புதுசு போடப்போகிறோம், ரப்பரா பாலியா (பாலியூரிதேன்) என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும். பாலி புஷ் உள்ளே இருக்கும் உலோகக் குழாய் (ஸ்லீவ்) மேல் வழுக்கிச் சுழலும். சிலிக்கான் கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும். ரப்பர் சுழலாது, தானே முறுக்கிக்கொள்ளும். அதனால் வண்டியைத் தூக்கி வைத்தபடி போல்ட்டை முழுசாக இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரத்தில் எடை இறங்கி, வண்டி அதன் உயரத்தில் நின்ற பிறகே கடைசி இறுக்கம். நான் பட்டைக்கு ரப்பர்தான் போடுகிறேன். எது போட்டாலும் புஷ் இறங்கும் துளையில் பவுடர் ஒட்டியிருந்தால் பிரஸ்ஸில் நேராகப் போகாது.

இப்போது என் வண்டியில் காயில் ஸ்பிரிங்கும் அடிப்பக்கக் காப்புத் தகடும் பவுடர். ஆர்ம், ஷேக்கிள், யூ போல்ட் பிளேட் எல்லாம் டூ-கே. டூல் பாக்ஸில் ஒரு சின்ன டப்பா கறுப்பு பெயிண்ட்டும் பிரஷும் கிடக்கின்றன. மழைக்குப் பிறகு அடியில் படுக்கும்போதெல்லாம் எங்காவது ஓரிடத்துக்கு அது தேவைப்படுகிறது.