குக்கின் நியூசிலாந்து வரைபடம் வாங்கப் போகிறீர்களா?

பழைய வரைபடங்கள் சேகரிப்பவர்கள் கவனிக்கவும். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் நியூசிலாந்து வரைபடத்தை '1773ஆம் ஆண்டு அசல் பிரதி' என்று சொல்லி ஒரு பழம்பொருள் வியாபாரி இணையத்தில் விற்கிறார். 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்கு அவர் அனுப்பியது கணினி அச்சுப்பொறியில் எடுத்த நகல்.

1642இல் அங்கே போன டச்சுக் கடலோடி டாஸ்மன் மேற்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். குக்தான் எண்டெவர் கப்பலில் 1769 அக்டோபர் முதல் 1770 மார்ச் வரை இரண்டு பெரிய தீவுகளையும் சுற்றிவந்து கரையை வரைந்தார். அதை பெய்லி என்பவர் செம்புத் தகட்டில் செதுக்க, 1773இல் லண்டனில் வெளியான பயண நூலுக்குள் மடித்து வைத்து வெளியிட்டார்கள். வியக்கவைக்கும் துல்லியம், ஆனாலும் இரண்டு பெரிய பிழைகள் உண்டு. பேங்க்ஸ் தீபகற்பத்தைத் தீவாகவும், தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவை நிலத்தோடு ஒட்டியதாகவும் குக் வரைந்துவிட்டார்.

வியாபாரி பிடித்துக்கொண்டது இந்தப் பிழைகளைத்தான். "பாருங்கள் சார், பேங்க்ஸ் தீவாக இருக்கிறதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்று தொலைபேசியில் பாடமே நடத்தினார். அசலில் உள்ள பிழை நகலில் மட்டும் எங்கே போய்விடும்? இத்தகைய வரைபடங்களின் தெளிவான படங்களைப் பெரிய நூலகங்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

பார்சலைப் பிரித்ததும் மடிப்புகளைப் பார்த்துத்தான் சந்தேகம் தட்டியது. நூலுக்குள் மடிந்து கிடந்த தாள் என்றால் மடிப்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இதில் பழுப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, தடவினால் தாள் வழவழவென்று இருக்கிறது. மடிப்பையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்! உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தேன். செம்புத் தகட்டு அச்சில் கோடு முழுக்கக் கறுப்பு மையாக, சற்றே மேடிட்டு நிற்கும். இங்கே இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள குக் நீரிணையின் கரைக்கோடு நெடுகிலும் மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் ஒரு பக்கத்திலும் இல்லை. புற ஊதா விளக்கில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. தாளை அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டி இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அடுத்த கூத்து ஆரம்பமானது. பழம்பொருளைத் திரும்ப எடுக்கும் வழக்கமில்லை என்றார். சான்றிதழ் கொடுத்திருக்கிறோமே என்றார். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அவரேதான். பிறகு விற்பனைப் பக்கத்தில் இருந்த 'அசல்' என்பதை இரவோடு இரவாகப் 'பழைய பாணி' என்று மாற்றிவிட்டு, நான் சரியாகப் படிக்கவில்லை என்று என் மீதே பழியைப் போட்டார். மாற்றுவதற்கு முந்தைய பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். கடன் அட்டை தந்த வங்கிக்கும் எழுதியிருக்கிறேன்.

யாரிடம் வாங்கினாலும், பணம் கட்டும் முன் தாளின் பின்பக்கத்தையும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த தாளையும், ஏதாவது ஓர் எழுத்தை மிக அருகிலும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அசல் வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. என்னிடம் 'இந்த ஒரு பிரதிதான் சார் இருக்கிறது' என்று அவசரப்படுத்தியவர், இப்போது வேறொரு கடைப் பெயரில் அதே வரைபடத்தை, கீழ் இடது மூலையில் அதே பழுப்புக் கறையோடு, மறுபடியும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். விலை மட்டும் 3,000 ரூபாய் கூடியிருக்கிறது.