ஒருங்கிணைப்பாளரா, ஐ.சி.யு. ஊழியர்களா: யாருக்கு முதலில் பயிற்சி?

உறுப்பு தானத்துக்காகத் தனி ஒருங்கிணைப்பாளரைத் தயார்செய்வதா, ஐ.சி.யு. டாக்டர், நர்ஸ் எல்லாருக்கும் சொல்லித்தருவதா?

செலவு: ஒருங்கிணைப்பாளருக்குத் தனிச் சம்பளம். ஐ.சி.யு.வுக்குச் சில நாள் வகுப்பு போதும். ஷிப்ட் பார்த்து உட்காரவைப்பதுதான் பாடு.

நிலைப்பு: ஒருவர் வேலையை விட்டால் எல்லாம் போச்சு. குழுவில் பழக்கம் தங்கும்.

மூளைச்சாவை (மூளை மீளவே முடியாமல் செயலிழப்பதை) கண்டறிதல்: உறுப்பு தரக்கூடியவர்களை இங்கேதான் அதிகம் இழக்கிறோம். நம் சட்டப்படி நான்கு மருத்துவர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். ஆனால் முதல் சந்தேகம் படுக்கையருகே இருப்பவருக்கு வர வேண்டும். அது தவறினால் ஒருங்கிணைப்பாளருக்குச் செய்தியே போகாது. ஸ்பெயினில் ஒருங்கிணைப்பாளர்களே பெரும்பாலும் ஐ.சி.யு. மருத்துவர்கள்தான்.

குடும்பத்திடம் பேசுதல்: ஒருங்கிணைப்பாளர்தான். சிகிச்சை தந்தவரே கேட்டால் ‘காப்பாற்றப் பார்த்தாரா?’ என்று மனம் உறுத்தும். அப்புறம், வென்டிலேட்டரால் நெஞ்சு ஏறி இறங்கும் மகனின் உயிர் போய்விட்டதைத் தாய்க்குப் புரியவைக்க, பக்கத்திலேயே உட்கார ஆள் வேண்டும்.

உறுப்பு மாற்று நடக்கும் பெரிய மருத்துவமனைக்கு ஒருங்கிணைப்பாளர் சட்டப்படியே தேவை. விபத்து நோயாளிகள் முதலில் வந்துசேரும் மாவட்ட மருத்துவமனை, ஐ.சி.யு. பயிற்சியிலிருந்து தொடங்கட்டும்.