1966 ஃபோர்ட் கேலக்ஸி 7 லிட்டர்: ஓட்டிப் பார்த்தேன், வாங்கவில்லை

விளம்பரத்தில் 60 படங்கள் போட்டிருந்தார்கள், அதில் ஒன்றுகூட வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கருநீல நிறத்தையும், மேலும் கீழுமாக அடுக்கிய ஹெட்லைட்டையும், கிரில் நடுவில் இருந்த '7 லிட்டர்' முத்திரையையும் பார்த்த பிறகு எனக்கு யோசனையே ஓடவில்லை. டெட்ராய்ட் பக்கமிருந்து ஒஹையோவில் இருக்கும் அந்த பழைய கார் கடைக்கு மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். ஃபோர்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூட்டிப்போனது மட்டும்தான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி அசல் 7 லிட்டர்தான். சாதாரண கேலக்ஸியில் முத்திரையை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கும் தகட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும்: அதிலுள்ள வண்டி அடையாள எண்ணில் 61 என்று இருந்தால் 7 லிட்டர் ஹார்ட்டாப், 63 என்றால் கன்வர்ட்டிபிள், அடுத்து வரும் 'க்யூ' எழுத்து 428 கன அங்குல எஞ்சினைக் குறிக்கும். (அதே வருட ஷெவர்லே இம்பாலாவின் எண்ணில் வி8 என்பது வரைதான் தெரியும், எந்த வி8 என்று தெரியாது. இந்த விஷயத்தில் ஃபோர்ட் வாங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.) கதவை மாற்றியிருக்கலாமே என்று போனட்டுக்கு அடியில் அடித்திருந்த எண்ணையும் பார்த்தோம், பொருந்தியது. 7 லிட்டரைத் தனி மாடலாக ஃபோர்ட் விற்றது 1966இல் மட்டும்தான், மொத்தமே 11,000 சொச்சம் வண்டிகள், அதனால் அசல் என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது உண்மை.

ஓட்டக் கொடுத்தார்கள். பதினேழரை அடி நீள வண்டி, திருப்பத்தில் படகு மாதிரி சாய்கிறது, ஆனால் நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் சத்தமில்லாமல் தள்ளுகிற தள்ளு இருக்கிறதே, அது வேறு. 345 குதிரைத்திறன் என்பது அந்தக் காலத்து அளவு, எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து எடுத்தது, இன்றைய கணக்கில் குறையும். அதை விடுங்கள், 462 அடி-பவுண்டு டார்க், அதாவது முறுக்குவிசைதான் விஷயம். ஃபோர்டின் இன்னொரு எஞ்சினான 427 பந்தயத்துக்குப் பிறந்த முரடு, இந்த 428 குடும்பத்தோடு போகிறவனுக்கு. சி6 ஆட்டோமேட்டிக் கியர் மாறுவதே தெரியவில்லை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியே கொடுத்தது, நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், ஆகவே யார் வாங்கினாலும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பெட்ரோல் செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம், யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை, அதுவும் 10.5 கம்ப்ரஷனுக்கு உயர்ரகப் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும்.

சரி, ஏன் வாங்கவில்லை? எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பீட்சா கடைக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கதவில் ஒட்டியது, முன் ஃபெண்டரில் ஒட்டியது, பின்சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதியில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான். உள்ளே இரும்புத் தகட்டுக்குப் பதில் பட்டி, மேலே கண்ணாடி மாதிரி பெயின்ட்.

அதைக்கூட விலையில் சரிக்கட்டலாம். ஆனால் விளம்பரத்தில் பாடியைச் சேசிஸிலிருந்து முழுக்கக் கழற்றி வேலை செய்ததாக எழுதியிருந்தார்கள். லிஃப்டில் ஏற்றச் சொன்னால் இன்றைக்கு ஆள் இல்லை என்றார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எழுபது வயதுக்கு மேல், தரையில் படுத்து டார்ச் அடித்தார். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பூசியிருந்தது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ்கள் மட்டும் வெடித்து நசுங்கிப்போய் அப்படியே இருந்தன. பாடியைத் தூக்கியிருந்தால் எவனாவது அந்தப் பழைய ரப்பரையே திரும்ப வைப்பானா? கழற்றும்போது எடுத்த படங்களைக் கேட்டேன், முந்தைய உரிமையாளரிடம் இருக்கும் என்றார்கள். பில்லும் அவரிடம்தானாம்.

விற்பவர் மரியாதையாகத்தான் பேசினார், காபி கொடுத்தார், விலையில் மட்டும் அசையவில்லை. அந்தப் பணத்துக்குப் புது பிக்கப் ஒன்று வரும். மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் நான் திரும்பப் போகத் தயார், ஏனென்றால் எஞ்சின் அவ்வளவு சுத்தம், கேபினும் வைனில் சீட்டும் கிழிசலில்லாமல் இருக்கின்றன. வாங்க நினைக்கிறவர்கள் காந்தமும் டார்ச்சும் கொண்டுபோங்கள், லிஃப்டுக்கு ஆள் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

நேற்று பார்த்தேன், விளம்பரம் இன்னும் இருக்கிறது. இப்போது 64 படங்கள். புதிதாகச் சேர்ந்த நான்கும் டிக்கியை எடுத்தவை.